நாடக ரசிகர் குழுவில் போலிக் கணக்கா? சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியவை

ஒரே வாரத்தில் மூன்று புதிய கணக்குகள். மூன்றும் கதாநாயகியைக் கரித்துக்கொட்டின. அவர் வராத நாள்களில் மேடையேறும் மாற்று நடிகையை மூன்றும் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடின. ‘இது ஒரே ஆள்தான்’ என்று குழுவில் முணுமுணுப்பு கிளம்பியது. இரண்டே நாளில் அது கூச்சலாகிவிட்டது.

நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் நடக்கும் இசை நாடகங்களுக்கான ரசிகர் குழு ஒன்றைக் கவனித்துக்கொள்பவர்களில் நானும் ஒருத்தி. இந்தப் பொறுப்புக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக, அந்த வாரம் நாங்கள் செய்தவற்றையும் செய்யாமல் இருந்திருக்க வேண்டியவற்றையும் எழுதுகிறேன். கணினி நிபுணத்துவம் தேவையில்லை. ஒரு நோட்டு, ஒரு பேனா, கொஞ்சம் நாடகப் பைத்தியம் இருந்தால் போதும்.

போலி ரசிகர்களை இணையம் கண்டுபிடிக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் ஓபராவில் கூலிக்குக் கைதட்டும் கூட்டத்துக்கு ‘கிளாக்’ என்றே பெயர் இருந்தது. சிரிப்பதற்குச் சிலர், கண்ணைத் துடைத்துக்கொள்வதற்குச் சிலர், ‘இன்னொரு முறை’ என்று கத்துவதற்குச் சிலர் என்று வேலை பிரித்திருந்தார்கள். 1830களில் அந்தக் கூட்டத்தின் தலைவராக இருந்த ஒகுஸ்த் லெவசர், எந்த இடத்தில் எவ்வளவு கைதட்டல் என்பதை ஓபராவின் இயக்குநரோடு முன்கூட்டியே பேசி முடித்துவிடுவாராம்.

முதல் படி: எதைப் போலி என்கிறீர்கள்?

இதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். புனைபெயர் வைத்திருப்பவர் போலி அல்ல. அலுவலகத்துக்குத் தெரியக் கூடாது, வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று வேறு பெயரில் எழுதுபவர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. ஒருவர் இரண்டு கணக்கு வைத்திருப்பதைக்கூட ரெடிட் விவாதத் தளம் தடுப்பதில்லை. அந்த இரண்டையும் கொண்டு ஒரே பதிவுக்கு வாக்களிப்பதைத்தான் தடுக்கிறது. ஒரே ஆள் பல ஆளாக நடித்து, ஒரு கூட்டமே அப்படி நினைப்பதாகக் காட்டினால், அதுதான் நம் கவலை. டிக்கெட் விற்பதாகச் சொல்லி முன்பணம் கேட்கும் புதுக் கணக்கு வேறு கதை. அதற்கு ஆராய்ச்சி எதுவும் வேண்டாம், உடனே நிறுத்திவையுங்கள்.

பெயர் பொய் என்பதற்காகப் பேச்சும் பொய் ஆகிவிடாது. இதற்கு நாடக உலகத்திலேயே ஒரு நிகழ்வு இருக்கிறது. வியன்னாவில் 2006இல் அரங்கேறிய ‘ரெபெக்கா’ இசை நாடகம் 2012 நவம்பரில் பிராட்வேக்கு வருவதாக இருந்தது. பணம் போதவில்லை. மார்க் ஹாட்டன் என்ற முன்னாள் பங்குத் தரகர், வெளிநாட்டு முதலீட்டாளர்கள் நான்கு பேர் சேர்ந்து 45 லட்சம் டாலர் தரப்போகிறார்கள் என்றார். அவர்களில் பால் ஏப்ரம்ஸ் என்பவர் பணம் தரும் நேரத்தில் மலேரியாவில் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அப்படி ஒரு ஆளே கிடையாது. நான்கு பேருமே ஹாட்டனின் கற்பனை. மின்னஞ்சல்கள்கூட அவர் ஜோடித்தவை. அவர் 2013இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2014இல் 34 மாதச் சிறைத் தண்டனை பெற்றார்.

இதற்கு நடுவில், நிஜமாகவே பணம் போட முன்வந்த வேறொருவருக்குப் பெண் பெயரில் ஓர் எச்சரிக்கை மின்னஞ்சல் போனது. ‘இதில் மோசடி இருக்கிறது, விலகிக்கொள்ளுங்கள்’ என்பது அதன் சாரம். அவர் விலகினார், நாடகம் கவிழ்ந்தது. அந்தப் பெண் பெயரும் பொய். எழுதியவர் அந்த நாடகத்தின் செய்தித் தொடர்பாளரேதான். தயாரிப்பாளர்கள் வழக்குப் போட, 2017இல் ஜூரி அவரை 90,000 டாலர் இழப்பீடு தரச் சொன்னது. ஆக, ஒரே விவகாரத்தில் இரண்டு வகைப் போலிப் பெயர்கள்: ஒன்று பொய்யை விற்றது, மற்றொன்று பொய்யைப் பற்றி எச்சரித்தது. உங்கள் குழுவில் இருப்பது எந்த வகை?

இரண்டாம் படி: நோட்டைத் திறங்கள், வாயை மூடுங்கள்

சந்தேகம் வந்ததும் பொதுவில் கேட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. கேட்ட மறுநிமிடம் பதிவுகள் அழிக்கப்படும், திருத்தப்படும். முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு நோட்டில் நான்கு கட்டம்: கணக்கு, தேதியும் நேரமும், எழுதியது வார்த்தை மாறாமல், எந்தப் பதிவுக்குப் பதில். உங்கள் கருத்துக்கு அதில் இடம் கிடையாது. விக்கிப்பீடியாவில் போலிக் கணக்கு விசாரணைக்கென்றே ஒரு தனிப் பக்கம் உண்டு. அங்கும் இன்ன கணக்கு இன்ன திருத்தம் செய்தது என்று வரிசையாகக் காட்டிய பிறகுதான் மற்றதெல்லாம். 2015இல் 381 கணக்குகளை ஒரே வலையில் பிடித்தார்கள் என்றால் இந்தப் பொறுமையும் அதற்கு ஒரு காரணம்.

மூன்றாம் படி: அரங்கத்துக்குள் இருந்தவருக்குத்தான் தெரியும்

மற்றக் குழுக்களுக்கு இல்லாத ஒரு வசதி நாடக ரசிகர்களுக்கு இருக்கிறது. சினிமா எல்லா ஊரிலும் ஒன்றுதான். நாடகம் நேற்று நடந்தது போல இன்று நடக்காது. ‘நேற்றுப் பார்த்தேன்’ என்பவரிடம் சண்டைக்காரத் தொனி இல்லாமல், ஆசையாகக் கேளுங்கள்: யார் யார் மாற்றாக மேடையேறினார்கள்? பிராட்வேயில் பார்வையாளர்களுக்கு இலவசமாகத் தரும் பிளேபில் புத்தகத்துக்குள், அன்றைக்கு ஆள் மாறியிருந்தால் ஒரு துண்டுச் சீட்டைச் செருகிவைப்பது நெடுநாள் வழக்கம், இப்போது எல்லா நாடகத்திலும் அது இல்லை. புத்தகத்தைப் பிரித்ததும் அது மடியில் விழும். யூடியூபில் பாட்டுக் கேட்டுவிட்டு எழுதுபவருக்கு அந்தச் சீட்டைப் பற்றித் தெரியாது.

இன்னும் சில கேள்விகள்: இடைவேளை எந்தப் பாட்டுக்குப் பிறகு வந்தது? எந்த வரிசையில் உட்கார்ந்தீர்கள், மேல்மாடம் மறைத்ததா? காட்சி முடிந்து, நடிகர்கள் வெளியேறும் ஸ்டேஜ் டோர் பக்கம் போனீர்களா, யார் வெளியே வந்தார்கள்? முறையான தொடக்க நாளுக்கு முன்பே சில வாரங்கள் ப்ரிவியூ காட்சிகள் நடக்கும். ஆகவே தொடக்க நாளுக்கு முன் வந்தது என்பதற்காக மட்டும் ஒரு புகழுரை சந்தேகத்துக்குரியது ஆகிவிடாது. முதல் ப்ரிவியூவுக்கும் முன்னால் வந்தால் சந்தேகப்படுங்கள்.

இங்கே நான் சறுக்கியதையும் சொல்லிவிடுகிறேன். பிராட்வே அரங்குகள் பெரும்பாலும் திங்கட்கிழமை பூட்டியிருக்கும். ஒருவர் திங்களன்று ‘சிகாகோ’ பார்த்ததாக எழுதினார். ‘அகப்பட்டாய்’ என்று நினைத்து, ‘திங்கட்கிழமை எந்தக் கதவைத் திறந்து போனீர்கள்?’ என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். சிகாகோ நெடுங்காலமாகத் திங்களன்றும் நடந்துவந்த நாடகம். அவர் டிக்கெட்டைப் படமெடுத்துப் போட்டார், கூடவே எதுவும் எழுதவில்லை. அந்த மௌனம் இன்றைக்கும் எனக்கு உறைக்கிறது. கேள்வி கேட்பதற்கு முன் அந்த நாடகத்தின் கால அட்டவணையைப் பாருங்கள்.

நான்காம் படி: கைப்பழக்கம்

பெயரை மாற்றலாம், படத்தை மாற்றலாம். விரல் பழக்கம் அவ்வளவு எளிதில் மாறாது. எங்கள் மூன்று கணக்குகளில் இரண்டு, காற்புள்ளிக்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டன. இரண்டும் மூன்று புள்ளிக்குப் பதில் நான்கு புள்ளி வைத்தன. நடிகையின் பெயரில் ஒரே எழுத்தை ஒரே மாதிரி தவறவிட்டன. மூன்றாவது கணக்கில் இவை ஒன்றுகூட இல்லை. கரித்துக்கொட்டியதில் மட்டும்தான் ஒற்றுமை.

இதை அளவுக்கு மீறி நம்பாதீர்கள். ராபர்ட் கால்பிரெய்த் என்ற பெயரில் எழுதியவர் ஜே. கே. ரௌலிங் என்பதை 2013இல் உறுதிப்படுத்த நடை ஆய்வு உதவியது உண்மைதான், ஆனால் அங்கே கையில் ஒரு முழு நாவல் இருந்தது. நமக்குக் கிடைப்பது நான்கு வரிப் பின்னூட்டம். ஒரே பள்ளியில் படித்த இருவர்கூட ஒரே பிழையைச் செய்வார்கள்.

ஐந்தாம் படி: நேரம், முகம், முகவரி

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் இவற்றைத்தான் பெரிதாக நம்பி ஏமாறுகிறார்கள். பதிவு வந்த நேரங்களை 24 மணிக் கோட்டில் புள்ளி வையுங்கள். நியூயார்க்கில் கோடைகால இரவு 8 மணிக் காட்சி தொடங்கும்போது சென்னையில் மறுநாள் காலை 5.30. காட்சிக்குள் இருப்பதாகச் சொன்ன நேரத்தில் வரிசையாகப் பதிவு போட்டவரிடம் ஏன் என்று கேட்கலாம். முகப்புப் படத்தை, படத்தைக் கொடுத்தே தேட உதவும் கூகுள் லென்ஸிலோ டின்ஐயிலோ தேடிப் பாருங்கள். திருடிய படம் பல சமயம் அங்கேயே சிக்கும். கணினி வரைந்த முகங்களில் இரு காதுத் தோடுகளும் பொருந்தாமல் இருந்த காலம் ஒன்று உண்டு, இப்போதைய படங்களில் அந்தத் துப்பை நம்ப முடியாது. ஐபி முகவரி, அதாவது ஒருவரின் இணைய இணைப்புக்கான எண், முகநூல், ரெடிட், டிஸ்கார்ட் குழு நிர்வாகிகளுக்குத் தெரியவே தெரியாது. சொந்தத் தளம் நடத்துபவருக்குத் தெரிந்தாலும், கைப்பேசி நிறுவனங்கள் ஏராளமானவர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் நிறுத்திவைக்கின்றன. விடுதியில் ஒரே வைஃபையில் இருக்கும் ஐந்து தோழிகளும் உங்களுக்கு ஓர் ஆளாகத்தான் தெரிவார்கள்.

ஆறாம் படி: தனிச் செய்தி

நோட்டில் குறைந்தது மூன்று வெவ்வேறு வகைத் தடயம் சேரும்வரை எழுத வேண்டாம். சேர்ந்ததும், இன்னொரு நிர்வாகியிடம் உங்கள் முடிவைச் சொல்லாமல் நோட்டை மட்டும் படிக்கக் கொடுங்கள். அவரும் அதே முடிவுக்கு வந்தால் தனியாக எழுதுங்கள். நாங்கள் அனுப்பியது இதுதான்:

“வணக்கம். உங்கள் கணக்கும் இன்னொரு கணக்கும் ஒருவருடையவை என்று எங்களுக்குத் தோன்றுகிறது. நாங்கள் நினைப்பது தவறாக இருக்கலாம். ஒருவருடையவைதான் என்றால், ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் யாரிடமும் சொல்லப்போவதில்லை. இல்லையென்றால் எங்களை மன்னித்து, இரண்டு வரி எழுதுங்கள்.”

‘குற்றச்சாட்டு’, ‘மோசடி’, ‘ஆதாரம்’ ஆகிய சொற்களைத் தவிர்த்திருப்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது கணக்குக்கு இந்தச் செய்தி போகவில்லை. துண்டுச் சீட்டுக் கேள்விக்கு அவர் ஏற்கெனவே படத்தோடு பதில் சொல்லியிருந்தார்: முழங்காலின் மேல் பிளேபில், அதன் மேல் சீட்டு, ஓரத்தில் பாதி கடித்த சாக்லேட். அவருக்குக் கதாநாயகியைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

மற்ற இரண்டில் ஒன்று அன்றிரவே மறைந்தது. இன்னொன்றிலிருந்து மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது: “மன்னிக்கவும் , தனியாகச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன்....”

காற்புள்ளிக்கு முன்னால் அதே இடைவெளி. நான் பதில் எழுதிவிட்டு, நோட்டில் அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டேன்.