புகையா, பனியா? மனு எழுத உட்காருமுன் ஒரு வாசிப்புப் பயிற்சி

சில வருடங்களுக்கு முன் பச்சைத் தேயிலை விலை குறித்து எங்கள் ஊர் சார்பில் ஒரு மனு எழுதினேன். கோத்தகிரிப் பக்கம் அரை ஏக்கரும் ஒரு ஏக்கருமாகத் தேயிலை வைத்துப் பிழைக்கும் வீடுகள் நிறைய. மனுவை வாங்கிப் படித்த அதிகாரி, “ஒரு கிலோ தூளுக்கு எத்தனை கிலோ இலை வேண்டும்?” என்று மட்டும் கேட்டார். கூட வந்திருந்த பெரியவர் பதில் சொல்லிவிட்டார். ஆனால் மனுவில் அந்தக் கணக்கே இல்லை. அதன்பிறகு நாங்கள் சொன்ன எதுவும் எடுபடவில்லை. எங்கள் குறை உண்மையான குறை. நான் எழுதிய விதம் அதைக் கெடுத்துவிட்டது. இன்னொருவருக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இதற்கு நம் மொழியிலேயே பழைய பாடம் ஒன்று இருக்கிறது. மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லிக்கொடுக்கிறார். அவர் எடுத்துக்கொள்ளும் உதாரணம் ஒரு மலை. ‘இம்மலை நெருப்புடைத்து’ என்பது பக்கம். அதாவது நாம் நிறுவ வேண்டியது. ‘புகையுடைத்து ஆதலால்’ என்பது ஏது, அதற்கான காரணம். ‘அடுக்களை போல்’ என்பது திட்டாந்தம். கேட்பவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட எடுத்துக்காட்டு. உபநயம், நிகமனம் என்று இன்னும் இரண்டு உண்டு. அவை திட்டாந்தத்திலேயே அடங்கும் என்று அவரே சொல்வதால், நமக்கு இந்த மூன்று போதும்.

அதே காதையில் பிழையான காரணங்களையும் வரிசைப்படுத்துகிறார். எதிரே தெரிவது ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமலே, அதைப் புகை என்று வைத்துக்கொண்டு நெருப்பு உண்டு எனத் துணிவது ஒரு பிழை. சித்தாசித்தம் என்று அதற்குப் பெயர். மலையில் வாழும் நமக்கு இதை விளக்கவே வேண்டாம். விடிகாலையில் பள்ளத்திலிருந்து வெள்ளையாக ஏறிவருவது மூடுபனியா, யாரோ சருகு கொளுத்திய புகையா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தால்தானே தெரிகிறது? அந்தக் கொஞ்ச நேரம்தான் வாசிப்பு.

சரி, பயிற்சிக்கு வருவோம். வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளின் சாயலில் நானே ஒன்று எழுதியிருக்கிறேன். விலைகள் கணக்குப் பழகுவதற்காக நான் வைத்துக்கொண்டவை:

“கடையில் தேயிலைத் தூள் கிலோ 400 ரூபாய். நம் இலையை 20 ரூபாய்க்கு எடுக்கிறார்கள். கிலோவுக்கு 380 ரூபாயை விழுங்குகிறார்கள்! விவசாயி செத்தால் யாருக்குக் கவலை? உடனே 50 ரூபாய் விலை வேண்டும்!”

முதல் படி: பிரித்தெடுங்கள்

ஒரு தாளில் எழுதி, ‘பக்கம்’ ஆன வரியின் கீழ் நேர்கோடும் ‘ஏது’ ஆன வரியின் கீழ் நெளிகோடும் போடுங்கள். ‘50 ரூபாய் வேண்டும்’ என்பது பக்கம். ‘380 ரூபாயை விழுங்குகிறார்கள்’ என்பது ஏது. ‘யாருக்குக் கவலை’ என்பது இரண்டும் இல்லை, அது வேதனை. வேதனை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைக் காரணமாக எண்ணக் கூடாது. திட்டாந்தம் இந்தச் செய்தியில் இல்லவே இல்லை.

இரண்டாம் படி: எண்ணைத் தட்டிப் பாருங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். எந்த எண்ணைப் பார்த்தாலும், எதை எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். மேலே உள்ள செய்தி ஒரு கிலோ தூளை ஒரு கிலோ இலையோடு ஒப்பிடுகிறது. பச்சை இலையில் பெரும்பகுதி ஈரம். ஏறத்தாழ நான்கு முதல் நாலரை கிலோ இலை போட்டால்தான் ஒரு கிலோ தூள் கிடைக்கும். நாலரை என்று வைத்தால் இலைக்கு மட்டுமே 90 ரூபாய். 380 அங்கேயே 310 ஆகிவிட்டது.

அப்புறம், அந்த 400 ரூபாய் யார் கைக்குப் போகிறது? ஃபேக்டரி தூளைக் குன்னூர் ஏலத்தில் விற்றால், ஏல விலைதான் அதற்குக் கிடைக்கும். ஏலத்துக்கும் கடைக்கும் நடுவே கலப்பது, பாக்கெட் போடுவது, லாரி வாடகை, வரி, கடைக்காரர் லாபம் எல்லாம் உண்டு. ஏலத்தில் 120 ரூபாய்க்குப் போனது என்று வையுங்கள். இலைக்கு 90 போக மீதி 30. அதில்தான் விறகு, மின்சாரம், கூலி. அந்த 30 நியாயமா, கூடுதலா என்று தாராளமாகக் கேட்கலாம். அது நல்ல கேள்வி. 380 என்பது பனி.

மாதத்தையும் பாருங்கள். உறைபனியில் கொழுந்து கருகி வரத்துக் குறைந்த மாதத்தின் விலையையும், மழை பெய்து வரத்துக் கூடிய மாதத்தின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘பாதியாகச் சரிந்தது’ என்று எழுதுவது எளிது. இரண்டு எண்ணும் சரியாக இருந்தும் வாதம் தவறாகிவிடும். ஜனவரியை ஜனவரியோடு ஒப்பிடுங்கள்.

மூன்றாம் படி: நீங்கள் நிறுவ வேண்டிய பக்கத்தைச் சிறிதாக்குங்கள்

இனி நீங்கள் எழுதும் முறை. ‘எல்லோரும் ஏமாற்றுகிறார்கள்’ என்பதை நிறுவ மாவட்டம் முழுக்க அலைய வேண்டும். ‘எங்கள் ஐந்து தோட்டங்களில் இலைக்கு ஆகும் செலவு, இலைக்குக் கிடைக்கும் விலையைவிட அதிகம்’ என்பதை நிறுவ ஐந்து நோட்டுப் புத்தகங்கள் போதும். நிறுவ முடிந்த அளவுக்குத்தான் சொல்ல வேண்டும். இதில் நான் கறாராக இருப்பேன்.

எனவே பேனாவை எடுக்கும் முன் ரசீதுகளை எடுங்கள். பறிகூலி, உரம், கவ்வாத்துச் செலவு (செடியை வெட்டிவிடும் செலவு), வண்டி வாடகை என்று பன்னிரண்டு மாதக் கணக்கு. ஒரு மாதம் போதாது. கவ்வாத்துச் செலவு எல்லா மாதமும் வருவதில்லை. இன்னொன்றும் செய்யுங்கள். பச்சை இலைக்கான சராசரி விலையைத் தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கிறது. உங்கள் ரசீதில் உள்ள விலையை அதன் பக்கத்தில் எழுதுங்கள். அதற்கும் குறைவாகக் கொடுத்திருந்தால் அது தனிப் புகார், வலுவான புகார். அறிவித்த விலை கிடைத்தும் செலவுக்குக் கட்டவில்லை என்றால் அது வேறு வாதம். இரண்டையும் ஒரே மனுவில் குழைத்தால் இரண்டுமே நீர்த்துப்போகும்.

நான்காம் படி: அடுக்களையைத் தேடுங்கள்

அடுக்களையில் புகையையும் நெருப்பையும் சேர்த்துப் பார்க்காதவர் இல்லை. அதனால்தான் அந்த உதாரணம் நிற்கிறது. உங்கள் எடுத்துக்காட்டும் மனுவைப் படிப்பவர் மறுக்க முடியாததாக இருக்க வேண்டும். அஸ்ஸாமில் இவ்வளவு தருகிறார்கள் என்று எழுதினால், அங்கே இலை வேறு, செலவு வேறு என்று ஒரு வரியில் தள்ளிவிடுவார். அதே வாரம், அதே ஃபேக்டரி, ஒரே ரக இலை, இரண்டு விலை என்று இரண்டு ரசீது காட்டினால் தள்ள முடியாது.

ஐந்தாம் படி: எதிர்த்தரப்பின் நல்ல வாதத்தை நீங்களே எழுதுங்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் படி இது. எனக்கோ இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். ஃபேக்டரித் தரப்பு என்ன சொல்லும்? “கரட்டு இலையாக, அதாவது முற்றிய இலையாகக் கொண்டுவந்தால் தூளுக்கு எப்படி விலை வரும்?” இது சாக்கு அல்ல, உண்மையான காரணம். இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகப் பறித்தால் தூள் நன்றாக இருக்கும் என்பது நமக்கும் தெரியும். பறிக்க ஆள் கிடைக்காமல் நாள் தள்ளிப்போகும்போது இலை முற்றிவிடுகிறது.

அதை மறைக்காமல் மனுவிலேயே சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அதிலிருந்தே உங்கள் கோரிக்கைக்கு வாருங்கள். இப்படி:

“கரட்டு இலையால் தூளின் தரம் குறைகிறது என்பதை ஏற்கிறோம். ஆனால் கவனமாகப் பறித்த இலைக்கும் முற்றிய இலைக்கும் ஒரே விலை கிடைப்பதை இத்துடன் உள்ள ரசீதுகளில் காணலாம். எங்கள் ஐந்து தோட்டங்களின் பன்னிரண்டு மாதக் கணக்கில் கிலோவுக்குச் செலவு 26 ரூபாய்; கிடைத்தது 20 ரூபாய். நல்ல இலை பறிக்கக் கூலி கூடுதலாகிறது. ஆகவே தரம் பிரித்து விலை தர ஏற்பாடு செய்யக் கோருகிறோம்.”

இங்கும் எண்கள் பயிற்சிக்கானவைதான். உங்கள் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். திட்டு இல்லை, கண்ணீர் இல்லை, ஆச்சரியக்குறி இல்லை. படிப்பவர் மறுக்க வேண்டுமானால் ரசீதை மறுக்க வேண்டும்.

யாருக்கு எழுதுகிறோம் என்பதையும் சரிபாருங்கள். விலை அறிவிப்பு தேயிலை வாரியத்தின் வேலை. கிராம சபைத் தீர்மானம் ஊரின் குரலைப் பதிவு செய்யும். விலையை அதனால் மாற்ற முடியாது.

ஆறாம் படி: ஒத்துவராதவரிடம் படித்துக் காட்டுங்கள்

நம் வீட்டில் எல்லோரும் தலையாட்டுவார்கள், அது உதவாது. ஃபேக்டரியில் வேலை பார்க்கும் மாமாவோ, இலை ஏஜென்ட் அண்ணனோ இருந்தால் அவரிடம் போங்கள். சத்தமாகப் படியுங்கள். எந்த வரியில் அவர் “அது அப்படி இல்லப்பா” என்று குறுக்கிடுகிறாரோ, அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து மறுபடி ரசீதுக் கட்டைப் பிரியுங்கள்.