ஆவாரையா, பேயாவரையா? அவரைக் குடும்பக் காட்டுச் செடிகளை அடையாளம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆவாரம்பூ டீ குடிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். கடையில் காசு கொடுப்பானேன், ரோட்டோரத்தில்தான் கொட்டிக் கிடக்கிறதே என்று பையோடு கிளம்புகிறவர்களும் உண்டு. "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்ற பழமொழி கொடுக்கும் தைரியம்! ஆனால் அந்தப் பழமொழி ஒரே ஒரு செடிக்குத்தான் உத்தரவாதம் தருகிறது. அதே ரோட்டோரத்தில், அதே மஞ்சள் நிறத்தில், அதே ஐந்து இதழோடு பூத்து நிற்கும் பேயாவரைக்கு அது செல்லாது.

அவரைக் குடும்பத்துச் செடிகளில் குழப்பம் வருவதற்கு முதல் காரணம், பூவைப் பார்த்தவுடன் முடிவு கட்டிவிடுவது. பூ உதவாது என்று சொல்லவில்லை. எந்தப் பிரிவு என்று அது சட்டென்று காட்டிவிடும். அகத்தி, கொழுஞ்சி, கிலுகிலுப்பை போல வண்ணத்துப்பூச்சி வடிவில் இருந்தால் ஒரு பிரிவு. ஆவாரை, கொன்றை போல ஐந்து இதழும் விரிந்து கிடந்தால் இன்னொன்று. வேலமரம், தொட்டாச்சிணுங்கி போல மகரந்தத் தாள்கள் பந்தாகவோ கதிராகவோ திரண்டிருந்தால் மற்றொன்று. அதற்கு மேல், பக்கத்துப் பக்கத்து இனங்களைப் பிரிக்கப் பூவை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். காயையும், இலைக்காம்பையும், காம்பு தண்டோடு சேரும் இடத்தையும் பார்க்க வேண்டும்.

ஆவாரைக் கூட்டத்தையே எடுத்துக்கொள்வோம்: ஆவாரை, பேயாவரை, இவற்றின் உறவான தகரை. ஒரு இலையைக் காம்போடு பறித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சிற்றிலைகள் சோடி சோடியாக நிற்கும் நடுத்தண்டில், மேல்பக்கம், சின்னச் சின்னச் சுரப்பிகள் இருக்கும். அவை எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்பதே பாதி விடை. ஆவாரையில் ஒவ்வொரு சோடிச் சிற்றிலைக்கும் நடுவே மெல்லிய சுரப்பி ஒன்று நிமிர்ந்து நிற்கும். தகரையில் அடிச் சோடிகளுக்கு இடையில் மட்டும் இருக்கும். பேயாவரையில் சிற்றிலைகளுக்கு நடுவே ஒன்றும் கிடையாது. காம்பின் அடியில், தண்டை ஒட்டிய தடித்த பகுதியில், கருத்த உருண்டையாக ஒன்றே ஒன்று. லென்ஸ்கூட வேண்டாம், கண்ணுக்கே தெரியும்.

ஆவாரைக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இருக்கும் இலையடிச் செதில், மற்றச் செடிகளில் நூல் போலச் சிறிதாக இருக்கும் அல்லது சீக்கிரமே உதிர்ந்துவிடும். ஆவாரையில் அது காதுமடல் மாதிரி அகன்று, பச்சையாக, இலை இருக்கும்வரை ஒட்டிக்கொண்டே இருக்கும். இதை ஒருமுறை கவனித்தவர்கள் பூவே இல்லாத மாதத்திலும் ஆவாரையைச் சொல்லிவிடுவார்கள்.

காய்க்கு வருவோம். ஆவாரைக் காய் தட்டையாக, நெற்றானால் காகிதம் போல மெலிந்து, உள்ளே விதை இருக்கும் இடமெல்லாம் மேடாகத் தெரியும். பேயாவரைக் காயும் தட்டைதான், ஆனால் ஒல்லியாக மேல்நோக்கி லேசாக வளைந்திருக்கும். முற்றும்போது நடுவில் பழுப்பும் ஓரத்தில் வெளிறிய கோடும் தெரியும். தகரைக் காய் அரிவாள் போல வளைந்த நீண்ட குச்சி. இலையும் அப்படியே: தகரையில் மூன்று சோடி, நுனி மழுங்கியது, பேயாவரையில் நான்கு முதல் ஆறு சோடி, நுனி கூரியது, கசக்கினால் நாற்றம், ஆவாரையில் எட்டுக்கு மேல், சிறியவை.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். 2016இல் ஒடிசாவின் மல்கான்கிரி மாவட்டத்தில் பழங்குடிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றுதான் முதலில் பேச்சு. வேலூரைச் சேர்ந்த வைரஸ் ஆய்வாளர் ஜேக்கப் ஜான் அங்கே போய் ஆராய்ந்தார். பல சாவுகளுக்குக் காரணம் பேயாவரை விதையில் உள்ள நஞ்சு என்று தெரிவித்தார். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மேற்கு உத்தரப் பிரதேசத்தில் மழைக்காலம் முடிந்து காய் பிடிக்கும் சமயத்தில் வருடா வருடம் குழந்தைகளைத் தாக்கிய மர்ம நோய்க்கும் இதே செடியின் விதையே காரணமாகக் காட்டப்பட்டது. ஈரல், தசை, மூளை மூன்றையும் ஒருசேரத் தாக்கும் நஞ்சு அது. இதற்கு நெருங்கிய உறவான தகரையின் இளந்தளிரைக் கொங்கண் பகுதியில் டாக்ளா என்று மழைக்காலக் கீரையாகச் சமைக்கிறார்கள். ஒன்று சட்டியில் ஏறும் கீரை, இன்னொன்று குழந்தை கைக்கு எட்டக்கூடாத விதை. இரண்டும் ஒரே வரப்பில் முளைக்கும். சந்தேகம் இருந்தால் பறிக்காதீர்கள், அவ்வளவுதான்.

ஊர்ப்பெயரை மட்டும் நம்புவது அடுத்த தவறு. பொன்னாவரை என்ற பெயரைப் பேயாவரைக்கும் சொல்கிறார்கள், அதைப் போலவே இருக்கும் இன்னொரு செடிக்கும் சொல்கிறார்கள். அந்த இன்னொன்றில் சிற்றிலைகள் கூடுதல், குறுகலாகவும் இருக்கும். காம்படிச் சுரப்பி உருண்டையாக இல்லாமல் நீண்டு கூராக இருக்கும். காய் உப்பி உருண்டிருக்கும். தகரை என்று நாம் சொல்வதிலும் சென்னா டோரா, சென்னா ஒப்டுசிஃபோலியா என்று இரண்டு இனங்கள் கலந்து கிடக்கின்றன. டோராவில் அடி இரண்டு சோடிகளுக்கு இடையிலும் சுரப்பி, பூக்காம்பு குட்டை. மற்றதில் பெரும்பாலும் அடிச் சோடி ஒன்றுக்கு நடுவே மட்டும், பூக்காம்பு நீளம். இதில் தாவரவியல் படித்தவர்களே தடுமாறுவார்கள், உங்களுக்குக் குழம்பினால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இலையையே தப்பாக எண்ணுவது புதியவர்கள் எல்லோரும் செய்வது. சிற்றிலை ஒவ்வொன்றையும் தனி இலை என்று நினைத்துவிடுவார்கள். இலை என்றால் அதன் காம்பு தண்டோடு சேரும் மூலையில் ஒரு மொட்டு இருக்கும். சிற்றிலையின் மூலையில் மொட்டு இருக்காது. கீழாநெல்லியைப் பார்த்து இதுவும் தொட்டாச்சிணுங்கி வகையா என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்: அங்கே ஒவ்வொரு இலையின் மூலையிலும் பூவும் காயும் தொங்கும், எனவே அது அவரைக் குடும்பமே இல்லை. இன்னொன்று, நாற்றிலும் வெட்டிய கட்டையிலிருந்து துளிர்த்த கிளையிலும் சிற்றிலை எண்ணிக்கை மாறும். வளர்ந்த கிளையில் நாலைந்து இலையாவது எண்ணுங்கள். தகரைக் கூட்டம் அந்தி சாய்ந்ததும் இலையை மடக்கிக்கொள்ளும், ஆகவே சாயங்காலம் எடுத்த போட்டோவை வைத்து இலை வடிவம் பேசவே கூடாது.

கொழுஞ்சி, அவுரி விஷயம் வேறு மாதிரி. இங்கே உயிருக்கு ஆபத்தில்லை, ஏமாற்றம்தான். மருதாணிக்கு அப்புறம் அவுரி பூசினால் நரை கருக்கும் என்று கேள்விப்பட்டு, தரிசில் கிடக்கும் கொழுஞ்சியை அள்ளி வந்து அரைத்தால் தலை பச்சை நாற்றம் நாறுமே தவிர நிறம் ஏறாது. கொழுஞ்சி நல்ல பசுந்தாள் உரம். அதை வயலில் மிதித்துவிடுவதே முறை.

இரண்டையும் பிரிக்க அழகான சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு சிற்றிலையின் அடியை ஒரு கையால் பிடித்து, நுனியை மறு கையால் மெதுவாக இழுங்கள். கொழுஞ்சியானால் நேராக அறுபடாமல் அம்பின் முனை மாதிரி கிழியும். பக்க நரம்புகள் நெருக்கமாக, ஒன்றுக்கொன்று இணையாக, சாய்வாக ஓடுவதால் கிழிசலும் அந்த வழியே போகிறது. அவுரி இலை தாறுமாறாகக் கிழியும். காயைப் பார்த்தாலும் தெரிந்துவிடும்: கொழுஞ்சிக் காய் தட்டை, நுனியில் சின்ன அலகு, அவுரிக் காய் குச்சி போல உருண்டு, கொத்தாகக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். இன்னும் சந்தேகமா? இலையை உலர விடுங்கள். அவுரி இலை உலர உலர நீலம் கலந்த கறுப்பாகும். அதிலுள்ள வேதிப்பொருள் சிதைந்து, காற்று பட்டதும் நீலச்சாயமாக மாறுவதுதான் காரணம். பத்து மடங்கு லென்ஸ் இருந்தால் அவுரி இலையின் பின்புறத்தில் நடுவில் ஒட்டி இருபக்கமும் நீண்ட முடிகளையும் பார்க்கலாம்.

போட்டோ எடுத்துச் செயலியில் போட்டுப் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பூவின் குளோசப் ஒன்றை மட்டும் கொடுத்தால் பிளான்ட்நெட்டோ ஐநேச்சுரலிஸ்ட்டோ ஊகித்துத்தான் சொல்லும், அதுவும் தன்னிடம் அதிகப் படங்கள் உள்ள இனத்தின் பக்கமே சாயும். முழுச் செடி, காய், இலையின் இருபுறம், காம்படி என்று எடுத்து, பக்கத்தில் ஒரு நாணயத்தையும் வைத்தால் மனிதர்களாவது சரியாகச் சொல்வார்கள்.

முள்மரங்களில் தவறினால் நஷ்டம் மரத்துக்கு. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டதும் ஊர் ஊராகச் சீமைக்கருவேலத்தைப் பிடுங்கக் கிளம்பினார்கள். முள்ளும் பொடி இலையும் உள்ளதெல்லாம் சீமைக்கருவேலம் என்று நினைத்தால் கருவேலமும் வன்னியும் சேர்ந்தே போகும். கருவேலத்தின் பூ மஞ்சள் பந்து. காய் விதைக்கு விதை இறுகி மணிமாலை போல இருக்கும். சீமைக்கருவேலப் பூ நீண்ட கதிர்; காய் தடித்து, பழுத்தால் மஞ்சளாகி இனிக்கும், ஆடு மாடு விரும்பித் தின்று விதையை ஊரெல்லாம் பரப்பும். உண்மையான சிக்கல் வன்னியில், ஏனென்றால் அதற்கும் கதிர்ப்பூதான். அங்கே முள்ளைப் பாருங்கள். சீமைக்கருவேலத்தில் இலை முளைக்கும் கணுவில் முள் இருக்கும். வன்னியில் கணுக்களுக்கு இடையே, தண்டில் இங்கொன்றும் அங்கொன்றுமாக, அடி அகன்ற குட்டை முட்கள். பொக்லைன் ஓட்டுநர் இறங்கி வந்து முள்ளைச் சோதிக்கப் போவதில்லை. முதல் நாளே வன்னி மரங்களில் சுண்ணாம்பு அடித்து வைத்துவிடுவது நல்லது.