டீ கொட்டிய பழைய லேப்டாப்: ரிப்பேருக்குப் பணம் போடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐந்தாறு வருடம் உழைத்த லேப்டாப்பில் டீ கொட்டிவிட்டால் வீட்டில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "ஆன் ஆகுதா?" முடிவைக் கெடுப்பதும் அந்தக் கேள்விதான். ஆன் ஆகிற லேப்டாப் மூன்று வாரம் கழித்துச் சாகலாம். ஆன் ஆகாததில் கீபோர்டு மட்டும் போயிருக்கலாம். பார்க்க வேண்டியது, ஈரம் உள்ளே இருக்கும் மதர்போர்டில் (இனி போர்டு) எதுவரை போயிருக்கிறது என்பதையும், சரிசெய்த பிறகு அந்த மெஷின் எவ்வளவு பெறும் என்பதையும்தான்.

போட்டுப் பார்ப்பது

அணைத்த லேப்டாப்பிலும் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். பேட்டரி இணைப்பில் இருக்கும்வரை, பவர் பட்டனை யாராவது அழுத்துகிறார்களா என்று கவனிக்கும் பகுதிக்கு மின்னழுத்தம் போய்க்கொண்டே இருக்கும். ஈரமும் மின்னழுத்தமும் சேர்ந்தால் செம்பு கரைந்து பக்கத்து இணைப்புக் காலுக்கு (பின்) நகரும். வெறும் ஈரத்தில் மெதுவாக நடக்கும் அரிப்பு, மின்சாரம் இருந்தால் பல மடங்கு வேகமெடுக்கும். ஆன் செய்து சோதிப்பது அதற்கு எண்ணெய் ஊற்றுவது போல.

முதலில் சார்ஜரைப் பிடுங்குங்கள். பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்தி அணையுங்கள். லேப்டாப்பைக் கூடாரம் போலக் கவிழ்த்து, வடிந்தது போதும் என்றானதும் அடிமூடியைக் கழற்றி பேட்டரி கனெக்டரை எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் பிலிப்ஸ் 0 எண் ஸ்க்ரூடிரைவர் போதும். சில மாடல்களில் ரப்பர் காலுக்கு அடியிலும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். கனெக்டரைப் பிளாஸ்டிக் துண்டால் நெம்ப வேண்டும், வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. கழற்றத் தெரியாவிட்டால் அன்றைக்கே கடையில் கொடுங்கள். கொட்டியது சர்க்கரை போட்ட டீ என்றால் "தண்ணிதான்" என்று சொல்லாதீர்கள். சுத்தம் செய்யும் முறையே மாறுகிறது.

அரிசி மூட்டையும் ஹேர் டிரையரும்

அரிசி போர்டில் ஒன்றும் செய்யாது. தண்ணீர் தானாகக் காய்ந்துவிடும். சர்க்கரையும் பால் கொழுப்பும் உப்பும் அங்கேயே நிற்கும். சர்க்கரை காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் பொருள். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் காய்ந்த கறை திரும்பவும் பிசுபிசுத்து மின்சாரம் கடத்தும். ஹேர் டிரையர் அதைவிட மோசம்: மேலே இருக்கும் திரவத்தைச் சிப்புகளுக்கு அடியில் தள்ளும், கீகளை வளைக்கும்.

போர்டைத் தனியே எடுத்துக் கழுவுவதுதான் வழி. சர்க்கரை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் சரியாகக் கரையாது. அதனால் முதலில் காய்ச்சி வடித்த நீரும் மென்மையான பிரஷ்ஷும். பிறகு 99 சதவீத ஆல்கஹாலால் அந்த நீரை வெளியேற்ற வேண்டும். கடைகளில் இதை ஐபிஏ என்று கேட்டால் கொடுப்பார்கள். 70 சதவீத ஸ்பிரிட்டில் மீதி பெரும்பாலும் தண்ணீர்தான். தின்னர் பிளாஸ்டிக் பாகங்களையே கெடுத்துவிடலாம். கழுவும் முன் நாணய வடிவப் பேட்டரி தனியே இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். இதைப் பலர் மறக்கிறார்கள். ஐபிஏ எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் முழுதாக உலராமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது. சிப்புகளுக்கு அடியில் புகுந்ததை எடுக்க ஒலி அதிர்வால் கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டி வேண்டும், அது நல்ல சர்வீஸ் கடையில்தான் இருக்கும்.

"இப்போ நல்லாத்தானே ஓடுது"

இரண்டு நாள் காயவைத்தார்கள், ஓடுகிறது, விட்டுவிட்டார்கள். பணம் அதிகம் போவது இங்கேதான். அரிப்பு நிற்கவில்லை. ஆபத்தான இடம் திரை கேபிள் போர்டில் சேரும் கனெக்டர். திரை விளக்குக்கான மின்னழுத்தமும் படத்துக்கான டேட்டா கோடுகளும் அங்கே மயிரிழை இடைவெளியில் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. விளக்குக் கோட்டில் பேட்டரி அல்லது அடாப்டர் அளவு மின்னழுத்தம் இருக்கும். பல மேக்புக்குகளில் அது 50 வோல்ட் அருகே. டேட்டா கோடுகள் நேராகப் பிராசசருக்குப் போகின்றன. நடுவில் ஒரு துளி கறை பாலம் போட்டால், 200 ரூபாய் கனெக்டரோடு முடிந்திருக்க வேண்டியது பிராசசரையே கொன்றுவிடும். ஓடுகிற லேப்டாப்பையும் ஒருமுறை திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

கீபோர்டு செத்ததைப் போர்டு செத்ததாக நினைப்பது

மெல்லிய மாடல்கள் பலவற்றில் பவர் பட்டனே கீபோர்டில் ஒரு கீயாக இருக்கிறது. கீபோர்டு போனால் போர்டு நலமாக இருந்தும் லேப்டாப் அசையாது. சில சமயம் ஒரு கீ அழுத்தியபடியே ஷார்ட் ஆகி, ஆன் செய்தவுடன் பீப் சத்தத்தோடு நின்றுவிடும். போர்டைக் கழுவிக் காயவைத்த பிறகு கீபோர்டு ரிப்பனை (தட்டையான கேபிளை) கழற்றி, பவர் பட்டனுக்கான கால்களை ஒன்றோடொன்று தொடவைத்து ஆன் செய்து பார்த்தார்களா என்று டெக்னீஷியனிடம் கேளுங்கள். வெளியே யூஎஸ்பி கீபோர்டு மாட்டி வேலை நடந்தால் செலவு பாதிக்கு மேல் குறைகிறது. ஆனால் கீபோர்டின் விலையோடு, அதை எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள் என்பதையும் விசாரிக்க வேண்டும். சிலவற்றில் அது மேல்பகுதியோடு பிளாஸ்டிக் ரிவிட் போட்டு ஒட்டப்பட்டிருக்கும். மலிவான உதிரிபாகத்துக்கு இரண்டு மணிநேர வேலை, இல்லையென்றால் மேல்பகுதியையே மாற்ற வேண்டும்.

திறக்காமல் சொன்ன தொகையை நம்புவது

கவுண்டரில் நின்றபடி சொல்லும் ரேட்டுக்கு மதிப்பில்லை. அடிமூடியைத் திறந்து போட்டோ கேளுங்கள். பச்சை அல்லது வெள்ளைப் பொருக்கு யூஎஸ்பி, ஆடியோ ஜாக் இருக்கும் சின்னப் போர்டில் மட்டும் இருந்தால் அந்தப் போர்டை மாற்றினால் முடிந்தது. சார்ஜிங் பகுதியில் ஒன்றிரண்டு உறுப்புகள் அரித்திருந்தால் சிப் லெவல் வேலை (போர்டிலுள்ள சின்ன உறுப்புகளைத் தனியே மாற்றுவது) தெரிந்தவர் செய்துவிடுவார். பிராசசருக்கு அடியிலும் சுற்றிலும் பழுப்புக் கறை ஓடியிருந்தால் பழைய மெஷினுக்கு அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மின்னோட்டமும் நிறையச் சொல்லும். மின்னோட்டத்தைக் காட்டும் பெஞ்ச் பவர் சப்ளையில் போர்டை மாட்டும்போது பட்டனைத் தொடும் முன்பே ஒரு ஆம்பியருக்கு மேல் இழுத்தால் எங்கோ நேரடி ஷார்ட். பட்டனை அழுத்தியும் அசைவே இல்லையென்றால் ஸ்டார்ட் ஆகும் வரிசையே ஆரம்பிக்கவில்லை. டைப் சி சார்ஜர் மாடல் 5 வோல்ட்டிலேயே நின்று 20க்குப் போகவில்லையென்றால், சார்ஜரோடு பேசும் சிப்பின் பக்கம் பார்க்க வேண்டும். இந்த அளவுகளைச் சொல்லத் தெரியாத கடையில் போர்டு வேலை கொடுக்காமல் இருப்பதே உத்தமம்.

"கொஞ்சம் ஹீட் பண்ணா வந்துரும்" என்பவரிடமும் அப்படித்தான். சூடாக்கிய சிப் சில வாரம் ஓடும், பிறகு வாரண்டி முடிந்த மறுநாள் போல நின்றுவிடும்.

டேட்டாவையும் லேப்டாப்பையும் ஒரே கணக்கில் சேர்ப்பது

"உள்ளே போட்டோ எல்லாம் இருக்கே" என்பதற்காக செத்த மெஷினுக்குப் பணம் கொட்டுகிறவர்கள் அதிகம். எம்.2 எஸ்எஸ்டி (டேட்டாவைச் சேமிக்கும் சின்ன அட்டை) தனியாகக் கழற்றக்கூடியது என்றால் அதை யூஎஸ்பி என்க்ளோஷரில் (வெளிப்பெட்டியில்) போட்டு வேறு கணினியில் படித்துவிடலாம், லேப்டாப் உயிரோடு இருக்க வேண்டியதில்லை. என்க்ளோஷர் வாங்கும் முன் எஸ்எஸ்டி என்விஎம்இ வகையா சாட்டா வகையா என்று பாருங்கள், என்க்ளோஷர் அதற்கேற்ப மாறும். டிரைவ் விண்டோஸின் பூட்டும் வசதியான பிட்லாக்கரில் பூட்டியிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும்; பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கடைக்குக் கொடுக்கும் முன்பே எடுத்து எழுதி வையுங்கள். போர்டை மாற்றினாலும் இதே கீ கேட்கும்.

2018 முதல் வந்த, டி2 என்ற ஆப்பிள் பாதுகாப்புச் சிப் உள்ள மேக்புக்கில் கதை வேறு. சேமிப்பு போர்டிலேயே பற்றவைத்திருக்கும், அதன் பூட்டு அந்தச் சிப்போடு கட்டப்பட்டது. டேட்டா வேண்டுமென்றால் அதே போர்டு மறுபடி ஓட வேண்டும். போர்டை மாற்றச் சம்மதித்தால் டேட்டா போய்விடும்.

ரிப்பேர் செலவை மட்டும் எண்ணுவது

அதே மாடல், அதே வயது, நல்ல நிலையில் செகண்ட் ஹேண்டில் என்ன விலைக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள். 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சுத்தம் செய்து கீபோர்டு மாற்ற 4,500. முழு சார்ஜில் ஒன்றரை மணிநேரம்கூடத் தாங்காத பேட்டரி என்றால் அதற்கு 3,000. மொத்தம் 7,500, செய்யலாம். போர்டும் மாற்ற வேண்டும், அது 9,000 என்றால் 16,500 ஆகிறது. கையில் இருப்பதோ டீ குடித்த பழைய மெஷின். விலையில் பாதியைத் தாண்டினால் நிறுத்திவிடலாம் என்பது எங்கள் அளவுகோல். தளர்ந்த ஹிஞ்ச், இரைச்சலிடும் ஃபேன், மங்கிய திரை இருந்தால் பாதியையும் இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள்.

வயதை வருடத்தால் மட்டும் பார்க்காமல் விண்டோஸாலும் பாருங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெலில் சில விதிவிலக்குகள் தவிர 8ஆம் தலைமுறை பிராசசராவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதியும் வேண்டும். 7ஆம் தலைமுறை மெஷினில் லினக்ஸ் போடும் எண்ணம் இல்லையென்றால் போர்டு ரிப்பேருக்குக் காசு போடாதீர்கள். ரேம் போர்டிலேயே பற்றவைத்த 4 ஜிபி மாடலுக்கும் இதே தீர்ப்பு.

கடையில் கொடுப்பதென்றால் சில விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: சரியாகாவிட்டால் கட்டணம் எவ்வளவு, மாற்றும் போர்டு புதிதா பழசா, வாரண்டி எத்தனை நாள், அது திரவச் சேதத்தையும் சேர்த்தா. பெரும்பாலான கடைகள் கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்பார்கள். அதைத் தெரிந்துகொண்டு கொடுப்பது வேறு, தெரியாமல் கொடுப்பது வேறு. கழற்றிய பழைய பாகங்களையும் திரும்பக் கேளுங்கள்.

வேண்டாம் என்று முடிவானால் அப்படியே எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கழற்றக்கூடிய டிடிஆர்4 ரேம், எஸ்எஸ்டி, கறை படியாத திரை, அடாப்டர் எல்லாம் தனித்தனியாக விலை போகும். எஸ்எஸ்டியை விற்கும் முன் முழுதாக அழித்துவிடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதைக் குத்தாமல், அழுத்தாமல், சார்ஜ் போடாமல் மின்கழிவு எடுப்பவரிடம் தனியாகச் சொல்லிக் கொடுங்கள்.