ஏபி பாடங்களில் சேர ஊக்கப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 'ஏபி' எனப்படும் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் பாடங்கள் 1950களிலிருந்தே இருக்கின்றன. கல்லூரி முதலாண்டுத் தரத்தில் கணிதமோ வரலாறோ பள்ளியிலேயே படித்து, மே மாதம் காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்தும் தேர்வை எழுதலாம். மதிப்பெண் 1 முதல் 5 வரை. இவற்றில் சேரும்படி பிள்ளைகளைத் தூண்டுவது நல்ல செயல். ஆனால் 'சேர்' என்று சொல்வதோடு நம் வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

முதலில், யாரை அழைக்கிறோம்? ஏற்கெனவே 'ஏ' வாங்குகிறவர்களைத்தான். வீட்டுப்பாடத்தை ஒழுங்காக ஒப்படைக்காத, ஆனால் வகுப்பில் கூர்மையான கேள்வி கேட்கிற மாணவி ஆசிரியரின் பரிந்துரைப் பட்டியலிலேயே இடம்பெறுவதில்லை. வீட்டில் யாருமே கல்லூரிக்குப் போகாத மாணவன், அறிவிப்புப் பலகையைப் பார்த்தாலும் அது தனக்கானது என்று எண்ணமாட்டான். அவனைத் தனியே அழைத்து, "போன மாதம் நீ எழுதிய கட்டுரையைப் பார்த்துத்தான் சொல்கிறேன், உன்னால் முடியும்" என்று ஓர் ஆசிரியர் காரணத்தோடு சொல்ல வேண்டும்.

அடுத்தது, காலம் கடந்து தொடங்குவது. கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸின் கார்ஃபீல்டு பள்ளியில், பொலிவியாவிலிருந்து வந்த ஹைமே எஸ்கலாண்டேயிடம் படித்த 18 பேர் 1982இல் ஏபி கால்குலஸ் (நுண்கணிதம்) தேர்வில் தேறினார்கள். பெரும்பாலும் எளிய லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களில் 14 பேர் காப்பியடித்திருக்கலாம் என்று தேர்வை நடத்தியவர்கள் சந்தேகம் எழுப்பினார்கள். 12 பேர் மீண்டும் எழுதி, 12 பேரும் தேறினார்கள். இதைச் சொல்லிவிட்டு 'நம்பிக்கை இருந்தால் போதும்' என்று பலர் முடித்துவிடுகிறார்கள். அந்த ஆசிரியரின் உழைப்புக்கு அது அநீதி. அவர் அங்கு வேலைக்குச் சேர்ந்தது 1974இல். கால்குலஸுக்கு முந்தைய பாடங்களை வலுப்படுத்தி, பள்ளி நேரம் முடிந்தும் சொல்லிக்கொடுத்து வளர்த்தெடுத்ததன் பலன் அது. 12ஆம் வகுப்பில் கால்குலஸ் படிக்க வேண்டுமானால் வழக்கமான வரிசைப்படி 8ஆம் வகுப்பிலேயே முதல் அல்ஜீப்ராவை முடித்திருக்க வேண்டும். 11ஆம் வகுப்பு மாணவனிடம் போய் உற்சாகமாகப் பேசினால் இந்த இடைவெளி நிரம்பிவிடாது.

சேர்த்த பிறகு கைவிடுவது இன்னும் கொடியது. அதுவரை 95க்குக் குறையாமல் வாங்கிய பிள்ளை, முதல் தேர்வில் 68 வாங்கி வருகிறது. அந்த வாரத்தில் பெற்றோர் பதறினால் பிள்ளை விலகிவிடும். முதல் சில மாதங்கள் இப்படித்தான் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஆசிரியரைத் தனியே பார்த்துச் சந்தேகம் கேட்கவும், சேர்ந்து படிக்க நண்பர்களைத் தேடிக்கொள்ளவும் பழக்குங்கள். தேர்வுக் கட்டணம் ஒரு பாடத்துக்கு 100 டாலர் அளவில் வரும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சலுகை உண்டு. கேட்கத் தயங்க வேண்டாம்.

நம் தமிழ்க் குடும்பங்களில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. பக்கத்து வீட்டுப் பையன் பத்து ஏபி என்றால் நம் பெண்ணுக்குப் பன்னிரண்டு! கலிஃபோர்னியா பல்கலைக்கழகமே தன் சேர்க்கைச் சராசரியைக் கணக்கிடும்போது, ஏபி போன்ற கடினப் பாடங்களுக்கான கூடுதல் புள்ளிகளை அதிகபட்சம் எட்டு செமஸ்டர்களுக்குத்தான், அதாவது நான்கு முழு ஆண்டுப் பாடங்களுக்குத்தான் தருகிறது. தூக்கத்தை இழந்து பன்னிரண்டு படிப்பதைவிட, மனம் தோயும் நான்கைந்து மேல் என்பது என் உறுதியான கருத்து.

'கல்லூரிச் செலவு மிச்சம்' என்று ஆசை காட்டுவதற்கு முன்பும் விசாரியுங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 3 வாங்கினாலே கிரெடிட், அதாவது பட்டப்படிப்புக்குக் கணக்கில் சேரும் புள்ளிகள், தருகிறது. அதே மாநிலத்தின் கால்டெக் எனப்படும் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகம் 5 வாங்கினாலும் தருவதில்லை. பள்ளியில் படிக்கும்போதே உள்ளூர் சமுதாயக் கல்லூரியில் சேர்ந்து நேரடியாகக் கல்லூரிப் பாடம் படிக்கும் 'இரட்டைச் சேர்க்கை' என்ற வழியில் இன்னொரு கவனம் தேவை. ஏபி தேர்வில் 2 வந்தால் பல கல்லூரிகளிடம் அதைத் தெரிவிக்காமலே விடலாம். கல்லூரிப் பாடத்தில் வாங்கும் 'டி' அந்தக் கல்லூரியின் மதிப்பெண் பட்டியலில் நிலையாக நிற்கும். பாடத்திலிருந்து பதிவில்லாமல் விலகுவதற்கான கடைசித் தேதியைச் சேரும் நாளிலேயே கேட்டுக் குறித்துவையுங்கள்.