ஹால்கிரிம்ஸ்கிர்க்யா: ரெய்க்யாவிக் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஐஸ்லாந்து தலைநகர் ரெய்க்யாவிக்கின் இந்தத் தேவாலயத்துக்கு 74.5 மீட்டர் கோபுரம். ஊரின் பல மூலைகளிலிருந்தும் கண்ணில் படுவதால், 'எப்போது வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடுகிறார்கள். முதல் தவறு அதுதான். இது லூத்தரன் சபையார் கூடும் தேவாலயம். ஞாயிறு காலை 11 மணிக்கு ஆராதனை. அப்போது மேலே விடமாட்டார்கள். திருமணம், அடக்க ஆராதனை, கச்சேரி என்றாலும் நேரம் மாறும். மற்ற நாட்களிலும் கோபுரத்தை முதலில் மூடிவிட்டுத்தான் தேவாலயத்தை மூடுவார்கள். கோடை நேரம் வேறு, குளிர்கால நேரம் வேறு. கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேவாலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை, கோபுரத்துக்கு உண்டு. டிக்கெட்டை உள்ளே இருக்கும் கடையில் வாங்காமல் நேரே லிஃப்ட் வரிசையில் நின்றால், நின்றது வீண். லிஃப்ட் சிறியது. அதுவும் எட்டாவது தளம் வரைதான், மேலே படிகள். சக்கர நாற்காலியில் வருபவர்கள் உச்சிக்குப் போக முடியாது. உச்சியில் காற்று வெளுத்து வாங்கும். இந்த ஊரில் குடை சுமை. தலையை மூடும் காற்றுத்தடுப்பு ஜாக்கெட்தான் உதவும். மணிகள் பக்கத்திலேயே இருப்பதால், கைக்குழந்தையோடு போகிறவர்கள் மணியடிக்கும் நேரத்தைத் தவிர்ப்பது நல்லது.

படம் எடுப்பவர்கள் சறுக்குவது வெளிச்சத்தில். முகப்பு வடமேற்கு பார்த்தது. காலையிலும் நண்பகலிலும் வெயில் பின்னாலிருந்து வரும். கோபுரம் கருநிழலாகத்தான் விழும். கோடை மாலையில் ஸ்கோலவோர்துஸ்தீகுர் தெருவில் கீழே தள்ளி நின்று எடுங்கள். டிசம்பர் கடைசியில் பகலே சுமார் நான்கு மணி நேரம். காலை 11 மணிக்கு முன் ஏறினால் தெரிவது இருட்டும் விளக்குகளும்தான்.

வண்ணக் கண்ணாடிச் சித்திரங்களை எதிர்பார்த்துப் போய், 'உள்ளே ஒன்றுமில்லையே' என்று இரண்டே நிமிடத்தில் வெளியே வருகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆர்கன் என்ற பெரிய குழாய் இசைக்கருவி இருப்பது வாசலுக்கு மேலே. ஜெர்மனியின் பான் நகர கிளைஸ் பட்டறை 1992இல் செய்தது. 5275 குழாய்கள், 15 மீட்டர் உயரம். பலிபீடத்தருகே போய்த் திரும்பி நின்றால்தான் முழுதாகத் தெரியும்.

முகப்பைக் கல் என்று நினைக்க வேண்டாம், கான்கிரீட். பசால்ட் எனும் எரிமலைப் பாறைத் தூண்களின் வடிவில் கட்டடக் கலைஞர் குத்யோன் சாமுவேல்சன் வரைந்தது. வேலை 1945 முதல் 1986 வரை நடந்தது. வாசலில் நிற்கும் கடலோடி லெய்ஃப் எரிக்சனின் சிலையும் தேவாலயத்துக்காக வைத்ததல்ல. ஐஸ்லாந்து நாடாளுமன்றமான அல்திங்கியின் ஆயிரமாவது ஆண்டுக்கு (1930) அமெரிக்கா கொடுத்த பரிசு. சிலை வந்த பிறகுதான் கோயில் எழுந்தது.

இன்னொன்று: டாக்சியில் ஏறி 'கதீட்ரல்' என்று சொல்லாதீர்கள். கதீட்ரல் எனப்படும் பேராலயம் ஊருக்குள் அவுஸ்தூர்வோட்லூர் சதுக்கத்தருகே உள்ள சின்னஞ்சிறு தோம்கிர்க்யான்.