எல்லையைத் தாண்டிய பிழை: இரண்டு நாளைத் தின்ற ஒரு ‘2’

டர்பன் சாட்ஸ்வர்த்தில் ஒரு சின்னப் பட்டறைக்குக் கணக்கு போட்டுக் கொடுத்தேன். 10 மோட்டார், ஒவ்வொன்றும் ஒரு நாளில் பழுதாகும் வாய்ப்பு 0.01. ஒரு நாளில் எத்தனை மோட்டார் பழுதாகும் என்பதன் வாய்ப்புகளைச் சரியாகத் தரும் ஈருறுப்புப் பரவலுக்குப் பதில், அதற்கு நெருக்கமான, சராசரி 0.1 உள்ள பாய்சான் பரவலை வைத்தேன். கணிதவியலாளர் லெ காம் 1960-ல் தந்த தேற்றப்படி, இப்படி மாற்றி வைப்பதால் வரும் பிழை, வாய்ப்புகளின் வர்க்கங்களைக் கூட்டிய தொகைக்குள், அதாவது 0.001-க்குள், அடங்க வேண்டும். எனக்கு வந்ததோ 0.001736.

தசம இடங்களை அதிகமாக்கினேன், அதே எண். அப்புறம் பாய்சானில் 10 பழுதுக்கு மேலும் நீளும் சின்ன வாய்ப்புகளை, அதன் வாலை, விட்டுவிட்டேனோ என்று அதையும் சேர்த்தேன். ஒன்றும் அசையவில்லை.

மூன்றாம் நாள், ஈருறுப்பிலிருந்து பாய்சானைக் கழித்து வரும் வித்தியாசங்களைத் தாளில் எழுதினேன். 0 பழுதுக்கு −0.000455, 1-க்கு +0.000868, 2-க்கு −0.000372, மற்றவை துளித்துளியாகக் கழித்தல். கூட்டல் குறி 1-க்கு மட்டும்தான்!

இரு பரவலும் மொத்தம் 1 ஆவதால் ஏறியதும் இறங்கியதும் சமம். இரண்டையும் கூட்டி, ஒரே பிழையை இருமுறை எண்ணியிருக்கிறேன். தேற்றம் பிழை என்று சொல்லும் மொத்த மாறுபாட்டுத் தொலைவு அதில் பாதி: 0.000868. சரி, எல்லைக்குள் வந்துவிட்டது.

தேற்றத்தின் இடப்பக்கத்தில் பாதியாக்காத கூட்டலை வைத்தால், வலப்பக்கத்து எல்லையும் 2 மடங்காகும். நான் இடப்பக்கத்தை ஒரு நூலிலிருந்தும் வலப்பக்கத்தை வேறொன்றிலிருந்தும் எடுத்து ஒட்டியிருந்தேன்.