சீன மாணவர்களும் 'டர்ன் ஆன்', 'டர்ன் ஆஃப்'பும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீன மொழி பேசுவோருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் வாக்கியம், 'ஓப்பன் த லைட்'. கூடவே 'குளோஸ் த டிவி'யும் வரும். இதைக் கவனக்குறைவு என்று கண்டிப்பது நியாயமில்லை. மாண்டரினில் கதவைத் திறப்பது 'காய் மென்', விளக்கைப் போடுவது 'காய் டெங்', கார் ஓட்டுவது 'காய் ச்சே', கூட்டம் நடத்துவது 'காய் ஹுய்'. எல்லாவற்றுக்கும் அதே 'காய்'தான். மூடுவதற்கும் அணைப்பதற்கும் 'குவான்'. அணைத்து வைத்த செல்போனை அழைத்தால் சீனாவில் கேட்கும் அறிவிப்பிலும் 'குவான் ஜி' என்றே வரும். 'காய்' என்றால் 'ஓப்பன்' என்று மனப்பாடம் செய்த பிள்ளை விளக்கையும் ஓப்பன் செய்யத்தான் செய்யும்.

அதனால் சொல்லுக்குச் சொல் அர்த்தம் எழுதிப் போடாமல், எந்தச் சொல் எந்தப் பொருளோடு வரும் என்று பிரித்துக் காட்டுங்கள். மின்சாரம், தண்ணீர், கேஸ் இவற்றில் ஏதாவது ஓடத் தொடங்கினால் 'டர்ன் ஆன்', நின்றால் 'டர்ன் ஆஃப்'. கதவு, ஜன்னல், மூடி, பெட்டி என்றால் 'ஓப்பன்', 'குளோஸ்'. கம்ப்யூட்டரில்தான் மாணவர்கள் அதிகம் தடுமாறுவார்கள். கம்ப்யூட்டரை 'டர்ன் ஆன்' செய்கிறோம். அதற்குள் இருக்கும் ஃபைலையும் ஆப்பையும் 'ஓப்பன்' செய்கிறோம். சிங்கப்பூரில் 'ஓப்பன் த லைட்' என்றால் எல்லோருக்கும் புரிந்துவிடும். தேர்வுத்தாளில் அதற்கு மதிப்பெண் கிடைக்காது.

இரண்டாவது தவறு இன்னும் ஆழமானது, பாடநூல்கள் ஒரே வரியில் கடந்துபோவது. 'டர்ன் ஆஃப் த லைட்', 'டர்ன் த லைட் ஆஃப்' இரண்டும் சரி. ஆனால் 'லைட்' என்பதற்குப் பதில் 'இட்' வந்தால் 'டர்ன் இட் ஆஃப்' மட்டுமே சரி. 'டர்ன் ஆஃப் இட்' தவறு. சீன மாணவர் ஏன் பிந்தையதற்கே போகிறார்? 'குவான்டியாவ்' என்ற சீனச் சொல்லைப் பாருங்கள். 'குவான்' வினை, 'டியாவ்' அதன் விளைவு. 'ஆஃப்' செய்யும் வேலையைத்தான் 'டியாவ்' அங்கே செய்கிறது. ஆனால் இரண்டுக்கும் நடுவே 'டெங்' என்ற விளக்கை நுழைக்க முடியாது. 'குவான்டியாவ் டெங்' என்று பின்னால் வைக்கலாம், 'பா' என்ற இடைச்சொல்லைச் சேர்த்து விளக்கை வினைக்கு முன்னால் கொண்டுவரலாம், நடுவில் கூடாது. ஆங்கிலத்தில் 'இட்' உட்கார வேண்டிய இடமோ அந்த நடுவேதான். விதியை எழுதிப்போட்டுப் பயனில்லை, காதில் ஏற்ற வேண்டும். ஆங்கிலேயர் வாயில் அது 'டர்னிட்டாஃப்' என்று ஒரே மூச்சில் வரும். 'இட்' அமுங்கி, 'ஆஃப்' அழுந்தி ஒலிக்கும். மாணவரை விளக்கு, விசிறி, குழாய் பக்கத்தில் நிற்கவைத்து, அணைத்துக்கொண்டே அதைச் சொல்லச் சொல்லுங்கள்.

நிலையைச் சொல்லும்போது 'த லைட் இஸ் ஓப்பன்' என்பார்கள். 'த லைட் இஸ் ஆன்' போதும். அங்கே 'டர்ன்' வேண்டாம்.

'டர்ன் ஆன்' எப்போதும் பிரியும் என்றும் நம்பிவிடக் கூடாது. நாய் ஒருவர்மேல் திடீரெனப் பாய்ந்தால் 'த டாக் டர்ன்ட் ஆன் ஹிம்'. இங்கே 'ஹிம்' கடைசியில்தான் வரும். நடுவில் வைத்தால் பொருளே மாறிப்போகும்.

கடைசியாக, கண்ணில் படாத ஒரு தவறு: தப்பாகிவிடுமோ என்று 'டர்ன் ஆஃப்' போன்ற இரட்டைச் சொல் வினைகளைத் தொடாமலே இருப்பது. லியாவ், ஃபுகுயா என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், இடைநிலைச் சீன மாணவர்கள் இவற்றைத் தவிர்த்து ஒற்றைச் சொல் வினைகளையே நாடுவது தெரிந்தது. உயர்நிலை மாணவர்களிடம் அந்தத் தயக்கம் அவ்வளவாக இல்லை. வேலை வாய்ப்பை வேண்டாம் என்றதை நண்பரிடம் சொல்லும்போது 'ஐ ரிஃப்யூஸ்ட் இட்' என்பதில் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் விறைப்பாக ஒலிக்கும். 'ஐ டர்ன்ட் இட் டவுன்' என்பதே பேச்சுக்கு இயல்பு. இங்கும் 'இட்' நடுவில்தான்.